என்னைப் பின்னால் உட்கார விடாத மாப்பிள்ளைக்கு

மண்ணுக்குள் போயும் அடங்காத என் அருமை மாப்பிள்ளை சவரிமுத்துவுக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன்னை அடக்கம் செய்த அன்று நான் விம்மி விம்மி அழுததைப் பார்த்து, தங்கச்சி புருஷன் மேல் இவ்வளவு பாசமா என்று கோயில் சனமே உருகியது. நான் அழுதது உனக்காக இல்லை. படகுக்காக.

"படகை அந்தோணிகிட்ட மட்டும் குடுத்துடாதே." சாகக் கிடக்கிறவன் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? மாதாவைக் கூப்பிட்டாயா? பிள்ளைகளைக் கேட்டாயா? என் மேல் ஒரு புகாரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் பதில் சொல்ல எதிரே நீ இல்லை. அதனால்தான் இரண்டாம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கையால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

பதினெட்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த மலாய்க் கோலேக் படகில் நாம் இரண்டு பேர். மீன் பிடிக்க இல்லை, சரக்கு ஏற்ற இல்லை, சும்மா. கூலி வாங்காமல் துடுப்புப் போடுகிற பைத்தியங்கள் என்று சரக்குப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். ரோச்சோர் ஆற்றில் எருமை குளித்த தண்ணீர். காலாங் முகத்துவாரத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் தண்ணீர். அதைத் தாண்டினால், கப்பல் போய் வெகுநேரம் கழித்தும் தூக்கிப் போடும் கடல். எந்தத் தண்ணீரிலும் நான் முன்னால், நீ பின்னால். படகைத் திருப்புகிற வேலை பின்னால் இருப்பவனுக்குத்தானே!

"மாட்டு வண்டி ஓட்டுறவன்டா நான். எனக்குத் திருப்பத் தெரியாதா?" என்பேன்.

"தண்ணிக்கு மூக்கணாங்கயிறு இல்ல மச்சான்," என்பாய். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன மாதம் தங்கச்சி ரோசம்மா படகை உடைத்து அடுப்பெரிக்கப் போகிறேன் என்றாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சரிண்ணே. என்னை உக்கார வச்சு முகத்துவாரம் தாண்டிப் போயி, நனையாம கொண்டாந்து விடு. படகு உனக்கு."

"நீ எதுக்கு வர்றே?"

"ஞாயித்துக்கிழமை தவறாம என்னை விட்டுட்டு எங்க வீட்டுக்காரரு என்னத்தைப் பாக்கப் போனாருன்னு நானும் பாக்கணும்ல?"

பார், அவளுக்கும் உன் மேல் கோபம்தான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு துடுப்போடு முன்னால் ஏறினாள். நான் பின்னால்! ஆற்றில் ராஜாவாகப் போனேன். முகத்துவாரத்தில், கடலுக்கு வற்றி ஓடுகிற தண்ணீர் படகைப் பிடித்துக்கொண்டது. எதிரே, மீன் பிடிக்க நட்ட கழிகள்.

"வலது பக்கம்ணே, வலது பக்கம்!"

வலது கயிற்றை இழுத்தால் மாடு வலது பக்கம் திரும்பும். நான் வலது பக்கத்தில் துடுப்பை இழுத்தேன். படகு இடது பக்கம் போயிற்று. பலமாக இழுத்தேன், இன்னும் இடது. ஹேய் ஹேய் என்று அதட்டியும் பார்த்தேன்.

"கையை எடு!" என்று கத்திவிட்டு, இடது பக்கத்தில் நாலு இழு இழுத்தாள் உன் பெண்டாட்டி. படகு பூனைக்குட்டி மாதிரி வலது பக்கம் திரும்பியது. கழிகளைத் தாண்டிக் கடலுக்கு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நனைஞ்சுட்டேன். படகு எனக்குத்தான். அவரு இன்னொண்ணும் சொன்னாருண்ணே. உனக்கு நீச்சல் தெரியாதாம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு."

துரோகி. பதினெட்டு வருஷம் நான் மூடி வைத்த சங்கதி அது. உனக்கு எப்போது தெரிந்தது? அதற்காகத்தான் என் முதுகை விட்டுக் கண்ணெடுக்காமல் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாயா? முகத்துக்கு நேரே ஒரு நாள் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேனே. இப்போது யாரோடு போட?

வேறு சேதி: நம் சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் ஓடுகிறது. என் செவலைக் காளை மிரண்டு பாய்ந்தது. நான்தான் திருப்பினேன், தெரிந்துகொள்.

இனி ஞாயிறுதோறும் தங்கச்சிக்குத் துணையாக நான் முன்னால் உட்கார்ந்து போவேன், பின்னால் இடம் கேட்கமாட்டேன். இது சத்தியம். உன் மேல் இருக்கிற கோபம் தீராது. அதுவும் சத்தியம்.

நேற்றுப் புறப்படும்போது என் ஒரு கால் ஆற்றுப் படியில் இருந்தது, ஒரு கால் படகில் இருந்தது. ரோசம்மா துடுப்பைப் போட்டாள். படகு போயிற்று. தண்ணீர் இடுப்பளவு. அவள் மத்தியானம் திரும்பி வந்தாள். அதற்குள் வேட்டி காய்ந்துவிட்டது.

உன் மச்சான்,
அந்தோணி