ஒலிபெருக்கி எட்டாத வீடு

மார்ச் 2, திங்கள்

காலை ஏழுக்கே சுள்ளென்று வெயில். பிரதேச சபை அறிவித்தல் வேலை, நாலு நாள். ஓட்டோவின் மேல் ஒலிபெருக்கி கட்டியாயிற்று. வாங்க: பெற்றோல், கயிறு, தொண்டைக்குக் கற்கண்டு.

வாசிக்க வேண்டியது:
- வியாபார உரிமம், மாத முடிவுக்குள் புதுப்பிக்க வேண்டும்.
- வீட்டிலிருந்து உணவு, தையல் முதலிய சிறுதொழில் செய்வோருக்கு வெள்ளி காலை பொது மண்டபத்தில் பண ஆலோசனை வகுப்பு. அங்கேயே பதிவு. பதிந்தவருக்குத் தொழில் இயந்திரம் பாதி விலையில். அன்றைக்கு விட்டால் போயிற்று.

நாரந்தனை, கரம்பொன் ஊர்களில் இரண்டு சுற்று. ஒரு மனுசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நல்ல குரல் அண்ணை. பிள்ளை இப்பதான் நித்திரை" என்றாள். பாராட்டா, ஏச்சா?

மார்ச் 3, செவ்வாய்

அதே வெயில். அதே அறிவித்தல். பின் சில்லுக்குக் காற்றுப் போதாது.

என் மனைவி மலரின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. விடியமுன் எழும்பி இருநூறு இடியப்பம் பிழிகிற கை. நான் அதை மூன்று தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் என் வேலைக்குப் போவது. பின்னேரம் நல்லெண்ணெய் பூசித் தேய்த்தேன்.

"மெல்ல, மெல்ல! உங்கட ஓட்டோ ஹாண்டில் இல்லை இது."

மார்ச் 4, புதன்

அறிவித்தல் கணக்குக் கொடுக்கச் சபைக் கந்தோருக்குப் போனேன். பதிவு எழுதும் பிள்ளை கேட்டாள்: "அண்ணை, அக்கா வெள்ளிக்கிழமை வாறாதானே?"

"எந்த அக்கா?"

"உங்கட மனுசிதான். கை ஏலாது எண்டு சொன்னனீங்கள். இடியப்பம் பிழியிற மெசின் பாதி விலைக்கு எடுக்கலாமே."

மூன்று நாளாக ஊரெல்லாம் கத்தியவன் நான். மலரை ஒருதரமும் நினைக்கவில்லை. வெட்கம். மகளின் படிப்பு, போன வருசம் ஓட்டோவுக்குப் போட்ட டயர், எல்லாம் அந்தக் கைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நீரும் வாரும் மலர்."

"எனக்கென்ன வகுப்பு? நான் கடையே வைச்சிருக்கிறன்? குசினியில அவிக்கிறன். அது வியாபாரமே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

கடைசிச் சுற்று. காலையில் இன்னொருதரம் கேட்டேன். மா அரித்துக்கொண்டே இருந்தாள்.

பின்னேரம் சொந்த வீட்டுப் படலைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தினேன். முழுச் சத்தத்தில்: "அன்பார்ந்த பொதுமக்களே! குசினியில் இடியப்பம் அவித்து, கை வீங்க வீங்க மூன்று கடைகளுக்குக் கொடுக்கும் பெண்மணியும் தொழில் செய்பவரே என்பதை அறியத் தருகிறோம்!"

மலர் மாக் கையோடு ஓடி வந்தாள். "நிப்பாட்டுங்கோ! ஊர் சிரிக்குது!"

எதிர் வீட்டுப் பெண் படலையில் நின்று, "போங்கோவன் மலரக்கா!"

இரவுச் சாப்பாடு வந்தது. தட்டை டங்கென்று வைத்தாள்.

மார்ச் 6, வெள்ளி

கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையில் மலர் படலையடிக்கு வந்தாள். நான் ஓட்டோவை எடுத்தேன். ஏறும்போது ஒரு வசனம் மட்டும்: "ஒலிபெருக்கியைத் தொட்டால் இறங்கிப் போயிடுவன்."

வகுப்பெடுத்தவர் சொன்னார்: "மா, தேங்காய், விறகு, இதுகளுக்கு மட்டும் விலை போடாதேங்கோ. உங்கட கைக்கும் போடுங்கோ." மலர் குனிந்து தன் கையைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

பதிவு மேசை. அதே கந்தோர்ப் பிள்ளை பழக்கதோசத்தில், உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"தங்கச்சி, அதை வெட்டும். உரிமையாளர் நான்."

"அப்ப அண்ணை?"

"வேலையாள்."

மண்டபமே சிரித்தது. நான்தான் கூடுதலாகச் சிரித்திருப்பேன். கண் கலங்கியதை ஒருவரும் காணவில்லை என்று நினைக்கிறேன். நோகிற கையால் மலர் மெதுவாக, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். மெசின் அடுத்த மாதம். பட்டியலில் ஒன்பதாவது பெயர்.

மார்ச் 7, சனி

மேகம். ஒலிபெருக்கி கழற்ற வேண்டும். சில்லுக்குக் காற்று.

இடியப்பம் இன்றைக்கு நூற்றைம்பதுதான். முதலாளி உத்தரவு: மூன்று கடைக்கும் விலை கூட்டிச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், கைக்கு.