வகுப்பில் பேசாத வானொலி

செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் உங்கள் மகளின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. புகார் சொல்ல எழுதவில்லை. பள்ளியிலிருந்து கடிதம் என்றாலே பெற்றோர் பதறிப்போவார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு தொடங்கி மூன்று மாதம் ஆகப்போகிறது. உங்கள் மகள் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளிடமும் பேசுவதில்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள். எழுத்து மணிமணியாக இருக்கிறது, கணக்கும் நன்றாக வருகிறது. வாசிக்கச் சொன்னால் மட்டும் புத்தகத்தைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். உதடுகூட அசைவதில்லை.

நவம்பர் கடைசியில் வாய்விட்டு வாசிக்கும் தேர்வு இருக்கிறது. அதில் தேறாதவர்களை இரண்டாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவது எங்கள் பள்ளியின் விதி. தலைமை ஆசிரியை விதி விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வகுப்பு கீழே உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அவள் பேசுவாளா? பேச்சு வருவதில் ஏதாவது சிரமம் உண்டா? தயவுசெய்து எழுதுங்கள். கடிதத்தை அவள் பையிலேயே வைத்து அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை

செப்டம்பர் 11

டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு பிள்ளையின் பையில் வைக்க வேண்டியதை எங்கள் பிள்ளையின் பையில் வைத்துவிட்டீர்களோ என்று. பேசாத பிள்ளையா? எங்கள் வீட்டிலா? டீச்சர், அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே வானொலி. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் தூங்குகிற வரைக்கும் நிலையத்தை மூடுவது கிடையாது. வாயில் பிரஷ் இருக்கும்போதும் ஒலிபரப்பு உண்டு. நான் ஃபேன், இஸ்திரிப்பெட்டி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் 'இது தேறாதுங்க, புதுசு வாங்கிடுங்க' என்று சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவள் அவள்தான்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெஷின் என் கடையில் ஓடி, கொண்டுபோனவர் வீட்டில் ஓடவில்லை என்றால், உங்கள் வீட்டு வயரிங்கைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பிள்ளை இங்கே பேசுகிறாள், அங்கே பேசவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது? என் அப்பா என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க' என்று வாத்தியாரிடம் சொன்னவர்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பு உங்கள் பொறுப்பு என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இந்த 'மன்னிக்கவும்' மனைவி சேர்க்கச் சொன்னது. அவள் மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறாள். 'சண்டை அப்புறம் போடலாம், என்ன செய்யணும்னு கேளுங்க முதல்ல' என்றும் சொன்னாள். கேட்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
வானொலியின் அப்பா

செப்டம்பர் 13

அன்புள்ள ஐயா,

உங்கள் மனைவிக்கு என் நன்றியை முதலில் சொல்லுங்கள்.

தோலை உரித்து நான் என்ன செய்யப்போகிறேன்? வயரிங்கைப் பார்க்கச் சொன்னது மட்டும் நியாயம்தான், பார்க்கிறேன். பேச்சு வராத பிள்ளை என்று நான் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன். பேச்சு இருக்கிறது, பள்ளி வாசலைத் தாண்டத்தான் பயப்படுகிறது என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இது பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் வாய் திறக்க முடியாமல் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை. பாதிப் பிள்ளை உங்களிடம் இருக்கிறாள், பாதி என்னிடம்.

வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு, பள்ளி விட்ட பிறகு, நீங்கள் எங்கள் வகுப்பறைக்கு வர முடியுமா? நான் வெளியே தாழ்வாரத்தில் இருப்பேன். நீங்களும் அவளும் மட்டும் உள்ளே உட்கார்ந்து, கடையில் பேசுவதுபோல் எதையாவது பேசுங்கள். அந்த அறைக்குள் அவள் குரல் ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நான் பக்கத்தில் வருவேன். ஒரே ஒரு வேண்டுகோள். பேசு என்று சொல்லக் கூடாது. பேசினால் அது தருகிறேன், இது தருகிறேன் என்றும் சொல்லக் கூடாது.

கடையை மூடிவிட்டு வரச்சொல்லிக் கேட்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை.

அன்புடன்,
வகுப்பாசிரியை

அக்டோபர் 5

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம். இங்கே எல்லாரும் நலம், என் முழங்காலைத் தவிர. உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் அது பெஞ்சோடு சேர்ந்து கிறீச்சிடுகிறது.

நீங்கள் தாழ்வாரத்தில் இருந்ததால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். முதல் வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்திருந்த கை சில்லென்று ஆகிவிட்டது. டீச்சர், நிஜமாகவே சில்லென்று. முகத்தைப் பார்த்தேன். என் பிள்ளையே இல்லை, யாரோ பெரிய மனுஷி மாதிரி இறுகிப்போய் நின்றாள். அன்றைக்கு நான் மட்டும்தான் பேசினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு நாளும் இப்படி நின்றுவிட்டுத்தான் சாயங்காலம் என் கடைக்கு வந்து சிரித்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. உங்கள்மேல் கோபப்பட்டு எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று கதவைச் சாத்தியதும் என் காதுக்குள் ஏதோ சொன்னாள். ஜன்னலோரம் உட்காரும் பையன் சாக்பீஸ் தின்கிறானாம். அப்புறம் ஒருத்தி தூங்கிக்கொண்டே எழுதுகிறாளாம். வகுப்பு வண்டவாளம் முழுக்க வெளியே வந்துவிட்டது. உங்களைப் பற்றியும் ஒன்று சொன்னாள். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்களாம். எல்லாம் காதோடுதான். ஆனால் அந்த அறையில் சொன்னாள்.

கதவுக்கு வெளியே அவ்வளவு நேரம் நின்றிருந்தீர்களே. நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், டீச்சர்.

நன்றியுடன்,
வானொலியின் அப்பா

அக்டோபர் 19

அன்புள்ள ஐயா,

நேற்று நடந்ததைப் பற்றி மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் எழுதுகிறேன். சென்ற வாரம் கதவைத் திறந்துவைத்தோம், குரல் நிற்கவில்லை. நேற்று நான் உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்து தாள் திருத்தினேன். அவள் உங்களுக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டினாள். அவள் குரலை நான் முதல்முறையாகக் கேட்டேன். தலையைத் தூக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீங்கள், 'டீச்சர்கிட்ட ஒரு வணக்கம் சொல்லிடு, நாளைக்கே சைக்கிள் வாங்கித் தரேன்' என்றீர்கள்.

அவள் முகத்தைப் பார்த்தீர்களா? சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒன்றையே சொன்னீர்கள். ஆமாம், நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

வகுப்பாசிரியை

அக்டோபர் 22

டீச்சருக்கு,

சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. மூன்று நாளாக வீட்டிலும் வானொலி ஓடவில்லை. கடைக்கு வந்தால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டுகிறாள். மனைவி என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஆர்வக்கோளாறு, டீச்சர். ஒரே ஒரு வார்த்தைதானே, இன்றைக்கே முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். வீட்டில் இருந்த பேச்சையும் கெடுத்துவிட்டேன். ஒரு வகுப்பு போனால் போகட்டும். அவள் பழையபடி பேசினால் போதும். இந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வரவில்லை.

வானொலியின் அப்பா

அக்டோபர் 23

அன்புள்ள வானொலியின் அப்பாவுக்கு,

என் கடிதத்தில் சூடு கொஞ்சம் அதிகம். நீங்கள் செய்தது தப்புதான். ஆனால் பாசத்தில் செய்தது என்பதையும் நான் எழுதியிருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கூப்பிட்டால் வருகிற பெற்றோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தச் சின்ன பெஞ்சில் மடங்கி உட்கார்ந்து மகள் பேசுவதற்காகக் காத்திருந்த ஒரே அப்பா நீங்கள். உங்களை நான் விட்டுவிடப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை வாருங்கள். ஆனால் அவளிடம் எதையும் கேட்காதீர்கள். வேறு வேலையாக வாருங்கள். எங்கள் வகுப்பு ஃபேன் சுற்றும்போது தடதடவென்று அடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்துக் கொடுங்கள். நிஜமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
டீச்சர்

அக்டோபர் 25

அன்புள்ள வானொலியின் அப்பாவுக்கு,

நீங்கள் கிளம்பின கையோடு இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை அவள் பையில் வைப்பேன், அதுவரை என்னால் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் மேஜைமேல் ஏறி ஃபேனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தீர்கள், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அடுத்ததையும் நீட்டினாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு எங்கே வெளிச்சம் வேண்டும் என்று தெரியவில்லை, உங்கள் கண்ணிலேயே அடித்துக்கொண்டிருந்தேன். அவளால் பொறுக்க முடியவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, 'இந்தப் பக்கம் பிடிங்க டீச்சர், அப்பாவுக்குக் கண் கூசுது' என்றாள்.

என்னிடம் சொன்னாள். நீங்கள் மேலேயே அசையாமல் இருந்தீர்கள், திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் டார்ச்சைத் திருப்பிப் பிடித்தேன், அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என்னை ஒரு பிள்ளை திருத்தினதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. அதற்கும் நன்றி.

டீச்சர்

நவம்பர் 18

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

வீட்டில் ஒலிபரப்பு மறுபடி தொடங்கி நன்றாக நடக்கிறது. முன்பைவிட அலைவரிசை அதிகம். தூங்கிக்கொண்டே எழுதுகிற பெண்ணை வெள்ளிக்கிழமைகளில் நம்மோடு உட்காரவைத்தீர்களே, அது நல்ல யோசனை. அவளிடம் எங்கள் பிள்ளை பேசுகிற பேச்சுக்கு அவள் இனிமேல் தூங்கவே முடியாது. வகுப்பு நடக்கும்போது மட்டும் இன்னும் காதோடுதான் பேசுகிறாளாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வாயை மனைவி ஒரு பார்வையில் மூடிவிடுகிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறாள், அது போதும்.

தேர்வு அன்றைக்குத் தலைமை ஆசிரியையும் உட்காருவாராமே. நானும் பக்கத்தில் இருக்கலாமா? அனுமதி கேட்டு வையுங்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

வானொலியின் அப்பா

நவம்பர் 29

அன்புள்ள வானொலியின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அனுமதி வாங்கி வைத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. அவளிடம் கேட்டதற்கு, 'நான்தான் வர வேணாம்னு சொன்னேன், அப்பா இருந்தா அப்பாதான் பயப்படுவாரு' என்றாள். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியை எதிரே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன், வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். உங்கள் மகள் எழுந்து நின்று புத்தகத்தைப் பிரித்தாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். குரல் மெல்லியதுதான், ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு. பாதியில் பக்கத்து வகுப்பில் எல்லாருமாக வாய்ப்பாடு கத்தத் தொடங்கினார்கள். அவள் நிறுத்திவிட்டாள். போச்சு, கை நழுவிப்போச்சு என்று நான் நினைத்தேன். தலைமை ஆசிரியை பேனாவைக் கையில் எடுத்தார்.

அவரைப் பார்த்து, 'பக்கத்துல சத்தமா இருக்கு மிஸ். அவங்க முடிச்சதும் மிச்சத்தைப் படிக்கிறேன்' என்றாள்.

வாசிப்பு நாம் சேர்ந்து பழக்கியது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைமை ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. வாய்ப்பாடு ஓய்ந்ததும் மிச்சத்தையும் வாசித்து முடித்தாள்.

தேறிவிட்டாள். மூன்றாம் வகுப்பிலேயே இருப்பாள்.

நிறைந்த நன்றியுடன்,
டீச்சர்

டிசம்பர் 2

அன்பும் மரியாதையும் நிறைந்த டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் படிக்கவில்லை. 'குடுங்க, நானே படிக்கிறேன்' என்று வாங்கிக்கொண்டாள். தன்னைப் பற்றி எழுதியிருந்ததைத் தானே சத்தமாக வாசித்தாள். நடுவில், 'இந்த இடத்துல டீச்சர் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்காங்க' என்று சொல்லிக்கொண்டாள். மனைவி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பிள்ளை பேசவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்க உங்களுக்கு முப்பத்தொன்பது காரணம் இருந்தது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். நான் வாய்க்கு வந்தபடி பதில் எழுதினேன், அதற்கும் பொறுமையாகப் பதில் எழுதினீர்கள். என் பிள்ளையை எனக்கே முழுசாகக் காட்டினீர்கள். உயிருள்ளவரை மறக்க மாட்டோம்.

வகுப்பறைக்குள் வந்து பழகிவிட்டேன் இல்லையா, இன்று காலை அவளோடு பள்ளி வாசல்வரை போனேன். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, 'வேணாம்ப்பா, டீச்சர் இருக்காங்க' என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

என்றும் நன்றியுடன்,
வானொலியின் அப்பா