எட்டு ஜி.பி.யும் பன்னிரண்டு ஜி.பி.யும்

ஆறுகாட்டுத்துறை,
நவம்பர் 18.

தர்ஷினி பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு. போனில் கூப்பிட்டால் அம்மாவிடம் கொடுங்கள் என்பாய். அதனால்தான் காகிதம்.

நாங்கள் நலம். வாடைக்காற்று ஏறிவிட்டது. ஐந்து நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஐதராபாத்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். ஸ்வெட்டர் வைத்திருக்கிறாய்தானே?

உன் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, வீட்டில் செய்யும் வேலையெல்லாம் நின்றுவிட்டது என்று அம்மா சொன்னாள். போன வாரம் அவள் உன்னிடம், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று கேட்டாளே, அது நான் கேட்கச் சொன்னது. நீ ஐந்நூற்று ஐம்பது என்றதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் மைதீன் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். என் மகள் சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் கடல் செய்கிறவள், அதற்கு ஏற்ற கார்டு வேண்டும் என்றேன். அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இந்த வருஷ மாடல், எட்டு ஜி.பி. மெமரி, நூற்றுப் பதினைந்து வாட் கரண்ட்தான் இழுக்கும். இன்னொன்று அதற்கு முந்தின மாடல், பன்னிரண்டு ஜி.பி., நூற்று எழுபது வாட், கொஞ்சம் சூடாகும். "எல்லாரும் புதுசத்தான் கேக்குறாங்க ஐயா, அதான் வேகம்" என்றார். எனக்கும் புதுசு மேல்தான் கண் போனது.

ஆனால் இன்ஜின் வாங்கினால்கூட ஓட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. நீ அவசரத்தில் விட்டுப்போன பென் டிரைவ் உன் அறை அலமாரியில் கிடந்தது. அதைக் கொண்டுபோயிருந்தேன். உன்னைக் கேட்காமல் எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடையில் கவிப்ரியா என்று ஒரு பெண் வேலை பார்க்கிறது, உன் வயதுதான் இருக்கும். சலிக்காமல் இரண்டு கார்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு உன் படங்களை வரைவதை ஓட்டிக் காட்டியது.

முதலில் சின்னப் படம் ஒன்று, கரையில் நண்டு ஓடுவது. புதுசு இரண்டு நிமிஷம் பத்து வினாடியில் முடித்தது. பழசுக்கு மூன்று நிமிஷம் ஆனது. சரி, புதுசையே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்தான், "இருங்கய்யா, இதுல அலைன்னு ஒரு பெரிய ஃபைல் இருக்கு, அதையும் பாத்துருவோம்" என்றது. புதுசில் போட்டதும் பாதிப் படம்கூட வரவில்லை. மெமரி போதவில்லை என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. பழசில் போட்டது. மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடியது. வேகம் இருந்து என்ன, ஏற்றுகிற சரக்குக்கு இடம் வேண்டும் அல்லவா? அதனால் பன்னிரண்டு ஜி.பி.யை வாங்கியிருக்கிறேன். பழைய மாடலை அப்பா தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதே.

அந்தப் படம் முடிய நாற்பத்தேழு நிமிஷம் ஆனது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கவிப்ரியா, "ஐயா, வயர்ல கால் படாம பாத்துக்குங்க. நடுவுல ஆஃப் ஆச்சுன்னா முதல்லேருந்துதான்" என்றது. நான் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு மெல்லக் கேட்டேன், நாற்பது மணி நேரம் ஓடினது நின்றுபோனால் என்ன ஆகும் என்று. "அலை அசையிற கணக்குன்னா அத்தனையும் போயிரும்யா. நானா இருந்தா உக்காந்து அழுதுருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னது. எனக்குச் சிரிக்க வரவில்லை.

போன கார்த்திகையில் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ அறைக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே கம்ப்யூட்டரில் வேலை ஓடுகிறது, விட்டு வர முடியாது என்றாய். எனக்கு மானம் போகிறது என்று மெயின் சுவிட்சை இறக்கினேன். டிவி மாதிரி அணைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ கதவைத் திறந்து, "நாப்பது மணி நேரம்ப்பா" என்று மட்டும் சொன்னாய். அது என்ன நாற்பது மணி நேரம் என்று நான் கேட்கக்கூட இல்லை. மறுநாள் நீ பஸ் ஏறிவிட்டாய். அந்த வேலையை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் உனக்கு வர வேண்டிய வாய்ப்பு வேறு யாருக்கோ போனது என்று அம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் செய்தது தப்பு, பாப்பா. தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். அன்று இருந்த கோபத்தில், தெரிந்திருந்தாலும் அணைத்திருப்பேனோ என்னவோ.

படம் முடிந்ததும் கவிப்ரியா திரையை என் பக்கம் திருப்பியது. நம் கடல்தான். நீலமாக இல்லை, ஐப்பசியில் சேறு கலந்து வருமே, அந்த நிறம். நடுவில் ஒரு பைபர் படகு. வலது பக்கத்தில், கல்லில் மோதி உடைந்த இடத்தில் நான் ஒட்டுப் போட்டேனே, அது வரைக்கும் வைத்திருக்கிறாய். உள்ளே ஓர் ஆள் குனிந்து தண்ணீர் இறைக்கிறான். முகம் தெரியவில்லை. காதர் மைதீன் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா? படகை அலைக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறாய். அந்த உயர அலைக்கு அப்படி நின்றால் கவிழ்ந்துவிடும். முன்பக்க அணியத்தைக் கொஞ்சம் அலைப் பக்கம் திருப்பிவிடு. அந்த ஆள் பிழைத்துக்கொள்வான்.

அந்த மாப்பிள்ளைப் பையனுக்குப் போன மாதம் திருவாரூரில் கல்யாணம் முடிந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், நல்ல குடும்பம். இனி உன்னைக் கேட்காமல் நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். அம்மா அறிய எழுதுகிறேன்.

கார்டு உன் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாவிட்டால் பதினைந்து நாளுக்குள் மாற்றித் தருவார்களாம். அதற்கு நீ நேரில் வர வேண்டும்.

அப்படி எழுதிவிட்டேன், ஆனால் அது பொய். கூரியரில் அனுப்பினாலே போதும் என்றுதான் காதர் மைதீன் பாய் சொன்னார். நேரில் வர வேண்டும் என்பது நான் சொல்வது. கார்டு நன்றாகப் பொருந்தினாலும் வா.

உன் வேலை தடையில்லாமல் ஓடட்டும்.

அப்பா,
செல்லத்துரை