ஆயிரம் சிசிக்குள் ஏழாவது

அண்ணி,

நேற்று மாலை காரின் பின் சீட்டைத் தூக்கினேன். பயப்படாதீர்கள், கழற்றவில்லை. அடியில் பெருக்குவதற்காகத் தூக்கினேன், அவ்வளவுதான். சில்லறைக் காசும் புளியங்கொட்டையும் வேர்க்கடலைத் தோலும் கிடந்த இடத்தில் உங்கள் சாக்பீஸ் ஒன்றும் கிடந்தது, பாதி தேய்ந்தபடி. அதை எடுக்கக் குனிந்தபோது தக்காளி வாசனை மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் ஆகியும், எத்தனை தடவை சோப்பு போட்டுத் தேய்த்தும், அந்தச் சீட்டை விட்டு அது போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தவளை அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வடமாலபேட்டையில் மறுபடியும் ஆட்டோகிராஸ். நீங்கள் போன பிறகு நான் ஓட்டப் போகும் முதல் போட்டி இது. எந்தப் பிரிவில் ஓட்டுகிறேன் என்று இன்று சாயங்காலத்துக்குள் போனில் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து அதே யோசனைதான். இதை எப்போதும் உங்களோடு சண்டை போட்டுத்தான் முடிவு செய்திருக்கிறேன். அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தூரில் ஒரு கல்யாணம் முடிந்து திருப்பதி வழியாகச் சித்தூர் திரும்பும்போதுதான் நாம் அதை முதலில் பார்த்தோம், நினைவிருக்கிறதா? காலி மைதானம் முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கார், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி முடித்தது. அப்புறம் அடுத்தது. குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயிப்பார், கூம்பைத் தட்டினால் நேரம் கூடும் என்பதெல்லாம் நமக்கு அப்போது தெரியாது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அண்ணனின் தோளைத் தட்டினீர்கள்.

"இன்னாத்துக்கு? பட்டுப் பொடவையோட மண்ணுல எறங்கப் போறியா?" என்றார் அண்ணன்.

இறங்கியே விட்டீர்கள். கயிற்றோரம் நின்றவரிடம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா என்று தெலுங்கில் கேட்டீர்கள். "ஏ காரைனா பர்வாலேதம்மா, ஹெல்மெட் உண்டே சாலு" என்றார் அவர். எந்தக் கார் ஆனாலும் பரவாயில்லை, ஹெல்மெட் இருந்தால் போதும். நீங்கள் திரும்பி நம் காரைப் பார்த்தீர்கள். கதவில் ஒடுக்கு விழுந்த, மார்க்கெட்டுக்கும் சர்ச்சுக்கும் தவிர வேறெங்கும் வேகமாகப் போயிராத அந்தப் பழைய வெள்ளைக் கார். "நம்மளுதும் கார்தானே?" என்றீர்கள். அண்ணனின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் நம் வீட்டு வாசலில் கார் வேலைதான். கணக்கு டீச்சர் என்பதால் எல்லாவற்றுக்கும் உங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். பேட்டரி ஏன் ஆடக் கூடாது, பிரேக் கட்டைகளை ஏன் இப்போதே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்கை நிற்க வைத்துக் கேட்பீர்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சர்ச் காம்பவுண்டில் வேகமாகத் திருப்பி, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பீர்கள். அதிகம் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம். வாட்ச்மேன் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

பிரிவு விஷயத்தில்தான் நமக்குள் பெரிய சண்டை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களை இஞ்சின் அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். நம் கார் ஆயிரம் சிசிக்குள் வரும். இஷ்டத்துக்கு மாற்றி அமைத்த கார்களுக்கு வேறு பிரிவு. பெண்களுக்கு ஒன்று தனியாக. நான் அதிலேயே நின்றேன்.

"லேடீஸ்ல மொத்தமே மூணு பேர்தான் அண்ணி. கண்ண மூடிக்கினு ஓட்டினாலும் ஒரு கப்பு வரும்."

"அதுல சின்ன வண்டி, பெரிய வண்டி எல்லாம் ஒண்ணா ஓடுது நாத்தனாரே. ஜெயிச்சா நான் ஜெயிச்சேனா, வண்டி ஜெயிச்சுதா? தோத்தாலும் அதே கேள்விதான். நம்ம வண்டி மாதிரி வண்டிங்களோட ஓட்டினாத்தான் நாம எப்டி ஓட்றோம்னு தெரியும்."

"கப்பு?"

"பாத்திரக் கடையில எவர்சில்வர்ல வாங்கித் தரேன் போ."

நாத்தனாராக இருந்து உங்களை ஜெயிக்க யாராலும் முடியாது. ஆயிரம் சிசி என்றே முடிவானது.

அவ்வளவு நியாயம் பேசிய நீங்கள்தான் அந்த வேலையையும் செய்தீர்கள். காரில் தேவையில்லாத எடை எதுவும் இருக்கக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துப் பின் சீட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டீர்கள். "யாரும் குந்தாத சீட்ட இன்னாத்துக்குச் சொமக்கணும்?" எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை நம் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்த சபைப் பெண்கள் பாயை விட்டுவிட்டு அந்தச் சீட்டில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசியில் உங்கள் தோழி காரின் மேல் கை வைத்து, "ஆண்டவரே, இவங்க ஓட்ற எடத்துல ஒரு கூம்புகூட விழாம காத்துக்கோங்க" என்று கண்ணீரோடு ஜெபித்தார். சிரிப்பை அடக்க நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஞாயிறு காலை மைதானத்தில் காரைச் சோதிக்க வந்த பெரியவர் கதவைத் திறந்ததும், "வெனக சீட் ஏதம்மா?" என்று பின் சீட்டைத் தேடினார். சீட் சித்தூரில் வீட்டு வாசலில் இருக்கிறது என்றேன். அவர் தமிழுக்கு மாறினார். "கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும்மா இந்தப் பிரிவுக்கு. ஓட்டும்போது அதுல யாரும் உக்காரக் கூடாது. ஆனா சீட் இருக்கணும்."

"யாரும் குந்தாத சீட்டுக்கு இவ்ளோ மரியாதயா சார்?" என்று கேட்டீர்கள். அவர் சிரிக்கவில்லை. மாற்றி அமைத்த கார்களோடு ஓட்டுங்கள் என்றார். அந்தப் பக்கம் நின்ற கார்களின் உறுமலைக் கேட்டதும் நான் ஓரடி பின்வாங்கினேன். நம் முகத்தைப் பார்த்து அவரே இரக்கப்பட்டு, லேடீஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் உங்கள் முகம் சுருங்கிவிட்டது. என்னைத் தனியே இழுத்துப் போய், "பாக்கவே மாட்டாங்கன்னா நாம ஓட்டி இன்னா பிரயோஜனம்?" என்றீர்கள். இரண்டு மாத உழைப்பும் நாமே கழற்றி வைத்த ஒரு சீட்டால் போகப் போகிறது. மாறிக்கொள்ளலாம் அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் போனை எடுத்துவிட்டீர்கள். சின்ன கார்களின் முறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதுவரை அவகாசம் இருந்தது.

"ஆராதனைக்குக் கெளம்பிக்கினு கீறேன். இப்ப வந்து சீட்டுன்ற?" அண்ணன் கத்தியது எனக்கே கேட்டது.

நீங்கள் கெஞ்சவில்லை. "நீங்க வந்தா ஓட்டுவேன். வரலன்னா வூட்டுக்கு வந்துடுவேன். லேடீஸ்ல ஓட்ட மாட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை நான்தான் தின்றேன். மற்றவர்கள் எல்லாம் தடத்தை நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டே வராவிட்டாலும் தடத்தைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை என்பதுபோல் நீங்களும் நடந்தீர்கள். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கூம்பின் பக்கத்திலும் நின்று, இங்கே பிரேக், இங்கே திருப்பல் என்று கையால் காற்றில் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே நடந்தீர்கள்.

சாப்பாட்டு நேரம் முடியப் போகும் சமயத்தில் ஒரு மினி லாரி உள்ளே வந்தது. புத்தூர் சந்தைக்குப் போகும் தக்காளி லோடு. கூடைகளுக்கு மேலே நம் பின் சீட். அதன் மேல், ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி அண்ணன், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவர்போல. சட்டை முதுகெல்லாம் சிவப்பு. மைதானமே கைதட்டியது. இறங்கியதும், "எங்கடி அந்த ஸ்பேனரு?" என்றார். நீங்கள் அழுதுகொண்டே போல்ட்டை முடுக்கினீர்கள். உங்கள் கல்யாணத்தில்கூட நீங்கள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரே காரை இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். நான் வழி தவறி ஒரு வளைவையே விட்டுவிட்டேன். நீங்கள் முதல் சுற்றில் மெதுவாகப் போய், டயரின் கோட்டைப் பார்த்து, காற்று ஏற்றச் சொல்லி, அடுத்த சுற்றில் பறந்தீர்கள். கடைசிக் கூம்பை மட்டும் தட்டிவிட்டீர்கள். பதினோரு பேரில் ஏழாவது. நான் பத்தாவது, அதுவும் ஒருவருடைய கார் பாதியில் நின்றுவிட்டதால்.

திரும்பும்போது அண்ணன் ஓட்டினார். நாம் இருவரும் அந்த ஈரச் சீட்டில், தக்காளி வாசனையில். ரேணிகுண்டா தாண்டியதும் யாரிடமோ சொல்வதுபோல், "ஆயிரம் சிசிக்குள்ள நான் ஏழாவது" என்றீர்கள். சற்று நேரம் கழித்து, "ஏழாவது!" என்று மறுபடியும். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளின் பெயரைக்கூட நீங்கள் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகள் ஓட்டினோம். ஒரு தடவை நாலாவதுகூட வந்தீர்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீங்கள் நர்ஸுகளிடம் சொன்னது அந்த ஏழாவதைத்தான். அவர்களுக்குப் புரியவில்லை என்றதும் தட்டையும் மாத்திரைப் பெட்டிகளையும் வைத்துத் தடத்தையே போட்டுக் காட்டினீர்கள். எனக்கு அப்போது அழுகையே வரவில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் அதற்கு நேரமே கிடைத்ததில்லை. இப்போது சில சமயம் வருகிறது. மனசு உங்களை ரொம்பத் தேடுகிறது அண்ணி.

இன்று மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, வண்டி கிழவியாகிவிட்டது, ஆயிரம் சிசி பிரிவில் இப்போது புதுக் கார்களாக வருகின்றன, லேடீஸுக்குப் போங்கள் என்றான். எனக்கும் சபலமாகத்தான் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாமல் கடைசியாக வருவது கஷ்டம். அண்ணனிடம் கேட்டேன்.

"எந்த கிளாஸ்லனா ஓட்டு. சீட்ட மட்டும் கழட்டாத. இன்னோரு வாட்டி தக்காளி வண்டில ஏற என்னால முடியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவ இருந்தா எதுல ஓட்டுவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டயருக்குக் காற்று பார்க்கப் போய்விட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து போன் வந்தது. "லேடீஸா மேடம்?" என்றான் பையன். ஆயிரம் சிசி என்றேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

உங்கள் சாக்பீஸால் நாலு டயருக்கும் கோடு போட்டாயிற்று. ஞாயிறு காலை அந்தப் பெரியவரே இருந்தால் கதவைத் திறந்து பின்னால் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். சீட் அதன் இடத்தில் முடுக்கி இருக்கிறது. ஓட்டும்போது அதில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் அது இருக்க வேண்டும் அண்ணி. அது இல்லாமல் அந்தப் பிரிவில் என்னால் ஓட்ட முடியாது.