மூன்றாவது கேள்வி

ஜூலை 8, செவ்வாய்

அரக்கோணம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எட்டாம் வகுப்பின் இலக்குத் தாள்கள் முப்பத்தொன்றுக்கும் கையெழுத்துப் போட்டு முடித்தேன். கல்வி அலுவலகம் நடத்தச் சொன்ன இலக்குப் பயிற்சிக்கு நானே தயாரித்த தாள். மூன்றே கேள்விகள். என் இலக்கு என்ன? எப்போதுக்குள்? அதற்காக எதை விட்டுக்கொடுப்பேன்?

மூன்றாவதற்கு டி.வி., செல்போன், காலைத் தூக்கம் என்று எழுதுவார்கள் என நினைத்திருந்தேன். டில்லிபாபு போலீஸ் ஆவதற்குத் தலைமுடியை விட்டுக்கொடுப்பானாம். இன்னொருத்தி பூக்காவடி எடுப்பாளாம். ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு. "கோயில் மலைக்குக் கீழ இருந்துகினு வேற இன்னாம்மா எழுதுவாங்க?" என்றார் தலைமையாசிரியர் வேதாசலம் சார்.

ஏழெட்டுத் தாள்தான் படித்தேன். மீதிக்குக் கையெழுத்து மட்டும். பஸ் குலுக்கலில் அதுவும் கோணல்.

ஜூலை 9

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். இன்று நன்றாகவே பேசினேன். "எழுதி, டீச்சர்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டீங்க. இனிமே அது வாக்கு. நடுவுல மாத்தக் கூடாது." எனக்கே பெருமையாக இருந்தது.

முன்வரிசையில் புவனா கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். போன மாதம் களையெடுக்கப் போன லோடு ஆட்டோ கவிழ்ந்து அவள் அம்மா தாயம்மாளுக்கு இடுப்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்த படுக்கை. அப்படியும் ஒரு நாள் லீவு போடாத பெண்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மலைக்கோயிலின் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, ஊர் பழையபடி ஆகிவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் மொட்டைத் தலை. புவனா மட்டும் நான்கு நாளாக வரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை போலிருக்கிறது. நேரில் போய்ப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 26

கே.ஜி.கண்டிகையில் புவனா வீட்டுக்குப் போய்வந்தேன். நான் நினைத்தது எதுவும் இல்லை. பார்த்துக்கொள்ள அத்தை வந்திருக்கிறாள். அப்பா பச்சையப்பன் டிராக்டர் ஓட்டுகிறார். பெண்ணை அவர் நிறுத்தவில்லை. "போ போன்னு தினமும் சொல்லிகினுதாங்க கீறேன் டீச்சர். வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார். கண் கலங்கியிருந்தது.

புவனாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். யாராவது ஏதாவது சொன்னார்களா? யாராவது தொந்தரவு செய்தார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள். கடைசியில், "நான்தான் எழுதினேனே டீச்சர். நீங்ககூட கையெழுத்துப் போட்டீங்க" என்றாள். தாளில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தாள்.

இலக்கு: அம்மா நடக்கணும். எப்போதுக்குள்: பொங்கலுக்குள். எதை விட்டுக்கொடுப்பேன்: பள்ளிக்கூடம்.

படிக்கவில்லை. நான் அதைப் படிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 27

தூக்கமில்லை. அந்தக் கேள்வியை ஏன் வைத்தேன்? எங்கேயோ பயிற்சியில் கேட்டது, நன்றாக இருந்தது, சேர்த்துக்கொண்டேன். எதையாவது கொடுத்தால்தான் எதுவும் கிடைக்கும் என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் வேறு சொல்லித்தர வேண்டுமா? டில்லிபாபுவின் முடியைப் பார்த்தபோதே விளங்கியிருக்க வேண்டும். சிரிக்கத்தான் தெரிந்தது எனக்கு.

செப்டம்பர் 2, செவ்வாய்

புதுத் தாளோடு போனேன். பழையதைக் கிழித்துப் போடலாம், வேறு எழுதலாம் என்றேன்.

"அது எங்கிட்ட இல்ல டீச்சர். கிருத்திகை அன்னிக்கு மலை மேல போய் உண்டியல்ல போட்டுட்டேன்."

சாமி யாரிடமாவது படிப்பைக் கேட்குமா என்று சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "சாமி கேக்கல டீச்சர். தாளுதான் கேட்டுச்சு. எங்கிட்ட வேற இன்னா இருக்குது குடுக்க?"

செப்டம்பர் 14, ஞாயிறு

வேதாசலம் சார் சொன்ன யோசனைப்படி அவளை மலைக்கு அழைத்துப்போனேன். பெரியவராகப் பார்த்து ஓர் அர்ச்சகரிடம் விஷயத்தைச் சொன்னோம். "குழந்தே, தெரியாம வேண்டிண்டதை மாத்திக்கலாம். முடி குடு, போதும். ஸ்கூலுக்குப் போ" என்றார் அவர். எனக்கு அப்படியே உயிர் வந்தது.

படி இறங்கும்போது புவனா நின்றுவிட்டாள். "நான் ஸ்கூலுக்கு வந்து, அம்மாவுக்கு எதனா ஆயிட்சின்னா நீங்க பொறுப்பா டீச்சர்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாயம்மாள் எழுந்து நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். இருந்தும் வாய் வரவில்லை. அந்த நேரத்தில் நானும் பயந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அக்டோபர் 6

காலாண்டு விடைத்தாள்கள் கொடுத்தேன். முப்பது.

நவம்பர் 12, புதன்

தாயம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கடி நடந்தாளாம். டில்லிபாபுதான் வகுப்பில் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சந்தோஷப்பட முடியவில்லையே, என்ன மனுஷி நான்?

டிசம்பர் 9

மதியம் தாயம்மாளே பள்ளிக்கு வந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கி, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, மைதானத்தைத் தாண்டி என் வகுப்பு வாசல்வரை தானாகவே நடந்து வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"இப்பதான் விசயத்த சொல்லுச்சு டீச்சர். எனக்காவ நிறுத்திக்கினாளாம். அடிச்சிகூட பாத்துட்டேன். நீ நடக்கறியேம்மா, அது போதும்னு சொல்லிகினு சிரிக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நான் திரும்பப் படுத்துக்கினா அவ ஸ்கூலுக்கு வருவாளா டீச்சர்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள்.

டிசம்பர் 10

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான் என்பதை நேற்றும் தாயம்மாளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

காலையில் பஸ்ஸில் புவனாவைப் பார்த்தேன். கனகம்மாசத்திரம் பக்கம் பூப்பறிக்கப் போய்வருகிறாளாம். கூட அம்மா. ஒருவர் எழுந்து இடம் கொடுத்ததும் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா இப்ப குச்சி இல்லாமயே நடக்குது டீச்சர்!" அவ்வளவு நிம்மதியான முகத்தை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை. தாயம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிற்பகலில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இலக்குப் பயிற்சியில் எழுதிய இலக்கை அடைந்த மாணவர்கள் எத்தனை பேர்? "சும்மா ஒரு இருபதுன்னு போட்டு அனுப்பிடும்மா" என்றார் வேதாசலம் சார்.

ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்த்தேன். ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.