தச்சர் குரோக்விக்கின் குரல்

ஹோர்ட்டன்,
1909 அக்டோபர் 14

அன்புள்ள சிக்வார்டுக்கு,

தீரா எழுதுவது. இங்கே நலம். ஹாம்பர்க்கிலும் உங்கள் துருவப் பயணப் பேச்சுக்கு அரங்கம் நிரம்பி வழிந்ததாகப் பத்திரிகையில் பார்த்தேன். இருமல் இன்னும் விடவில்லை என்றால் உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கடற்படை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, காட்சிக்கு வைக்க உங்கள் பனிவண்டியை எடுத்துப் போனார்கள். வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது, தொலைந்தது.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

தலைநகர் கிறிஸ்டியானியாவில் நீங்கள் பேசிய அன்று, என் பக்கத்தில் கறுப்புச் சால்வையோடு இருந்தவளை யாரென்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனீர்கள். அவள் ஒலீனா. பயணத்திலிருந்து திரும்பாத உங்கள் கப்பல் தச்சர் குரோக்விக்கின் மனைவி. கணவனின் படத்தைத் திரையில் காட்டுவார்கள் என்று நான்தான் அழைத்திருந்தேன்.

படம் வந்தது. பிறகு நீங்கள் அவரை நடித்துக் காட்டினீர்கள். பனியில் கால் அழுகி, காய்ச்சலில் கூடாரத்தைத் தன் வீடென்று எண்ணி அவர் பிதற்றியதை, அந்த வடக்கத்தி இழுவையோடு, திக்கலோடு.

"ஒ... ஒலீனா, கதவச் சாத்து புள்ள. கொழந்தைக்குக் குளிரும்."

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கக் காத்திருந்து இன்னொரு முறை செய்தீர்கள். அடுத்த படத்தில் நீங்கள் பனியில் நட்ட கொடி இருந்தது. நடுவில் அவருக்கு என்ன ஆயிற்று என்று நீங்களும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

அன்று இரவு விருந்து. ஐஸ்கிரீமில் பனிமலை, அதன்மேல் சர்க்கரையில் செய்த குட்டி மனிதர்கள். கடற்படைத் தளபதியின் மனைவி ஒன்றை எடுத்து, இதுதான் தச்சர் என்று சொல்லித் தலையைக் கடித்தாள். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் பல்லைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல்முறை.

நேற்று ஒலீனா வீட்டுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்காராமல், மீன் நாற்றம் போகாத கைகளைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அது அவரு குரலேதான். அச்சு அசலா அப்படியே இருந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன். ஆனா ஜனங்க சிரிச்சதுல முழுசாக் கேக்கல. கேப்டன் வந்தா, சிரிக்க ஆளில்லாம, எனக்காக இன்னொரு தடவ பேசுவாரா?"

அவளுக்குக் காபி ஊற்றப் போனேன். பாதி தரையில் கொட்டியது.

சிக்வார்ட், நீங்கள் வீடு திரும்பும் வாரம் அவளை வரச் சொல்லியிருக்கிறேன். வேலைக்காரியை அனுப்பிவிடுகிறேன். நானும் இருக்க மாட்டேன். அந்தக் குரலில் அவளோடு பேசுங்கள். அவர் அப்படிப் பிதற்றிய மறுநாள் காலை, அவரை உயிரோடு அங்கே விட்டுவிட்டு நீங்கள் எல்லோரும் நடக்கத் தொடங்கியபோது, பின்னாலிருந்து அந்தக் குரல் என்ன சொன்னதோ, அதையும் விடாமல் அவளுக்குச் சொல்லுங்கள். தூக்கத்தில் நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அது முடியாதென்றால், அடுத்து பெர்லினில் பேசி முடித்ததும் அங்கிருந்து வேறு எங்காவது போய்விடுங்கள். இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

கடவுள் உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவியாக இருக்கும்,
தீரா