பூட்டிய அறையில் சூடாக இருந்த கதிரை

இன்று காலை மூன்றாம் மாடியில் ஓர் அறை வாசலில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த முதியவர் விடியும்போது போய்விட்டாராம். யார் வைக்கச் சொன்னது என்று புதிதாக வந்த தாதியிடம் கேட்டேன். இறந்தவரின் அறையிலிருந்து வெளியே வந்தால் கை நனைக்க வேண்டும், இங்கே எப்போதும் அப்படித்தானே என்றாள், ஏதோ இந்தச் சுவிஸ் ஊரான ஓல்டனில் நூறு வருடமாக நடக்கிற வழக்கம் போல. அதைத் தொடங்கிவைத்த உன்னை அவளுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விரல்களை நனைத்துக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ எங்கள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாள் நான் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நியூசிலாந்திலிருந்து ஒரு மாவோரிப் பூர்வகுடிப் பெண் வருகிறாள், சுவிஸ்காரரைக் கட்டி இங்கே வந்து அவரையும் பறிகொடுத்தவள் என்று முன்பே கதை வந்திருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாய். "உன்னோடை வந்திருக்கிறவை ஆர்?" என்று கேட்டாய். நாம் கதைத்தது உடைந்த ஜெர்மனில்தான், ஆனால் எனக்குள் உன் குரல் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது. திரும்பிப் பார்த்தேன். வாளியும் தும்புத்தடியும்தான் நின்றன.

"எங்கட ஆக்களிட்டை ஒருத்தர் வந்தால் அவரின்ர செத்த சனமும் கூட வரும். அவையையும் சேர்த்துத்தான் வாங்கோ எண்டு கூப்பிடுவம்" என்றாய். அம்மா, அப்பா என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு நீ அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"வேறை?"

"வேறை ஒருத்தரும் இல்லை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினேன். அன்று முழுக்க முதுகு குளிர்ந்துகொண்டே இருந்தது.

அண்ணாவை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. யுத்த காலத்தில் ஒரு காலை, சைக்கிளில் சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கு கேட்டும் தகவல் இல்லை. அம்மா சாகும்வரை அவருக்கு ஒரு கோப்பை சோறு மூடி வைத்தாள். கிரியை செய்துவிடுங்கள் என்று வாய் திறந்தவர்களை அக்கா படலைக்கு வெளியே அனுப்பினாள். நானும் அவள் பக்கம்தான். இறந்துவிட்டார் என்று சொன்னால் நாங்களே கொன்றது போலாகிவிடும்.

நம் இல்லத்தில் கலாசார விழா வைத்த வருடம் உனக்கு நினைவிருக்கும். நான் றோல் பொரித்தேன். உன்னை உங்கள் ஊர் ஆட்டத்தை நாக்கை நீட்டி, தொடையைத் தட்டி ஆடிக் காட்டச் சொன்னார்கள். "அது ஆட்டம் காட்டுறதுக்கில்லை" என்றாய். "செத்தவரோடை எப்பிடி இருக்கிறதெண்டு வேணுமெண்டால் காட்டித்தாறன்." மேலாளர் முகம் வெளிறியதைப் பார்க்க வேண்டுமே! ஆனால் காட்டித்தான் விட்டாய். ஒவ்வொரு மரணத்திலும் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தாய். வானிலையைச் சொன்னாய், பழைய கோபத்தைச் சொன்னாய், பகிடி விட்டாய். முதலில் ஒளிந்து ஓடியவர்கள் பிறகு ஒவ்வொருவராக வந்து உன் பக்கத்தில் இருக்கப் பழகினார்கள்.

உனக்கே நோய் முற்றியபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "மகள் அங்கயிருந்து வந்து சேர ரெண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் என்னைத் தனிய விடாதை. பகலிலயாவது பக்கத்தில இருந்து கதை." நான் உன் கையைப் பிடித்து ஓம் என்றேன்.

நீ போன செய்தி வந்தபோது என் வீட்டில் பொன்னுருக்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. என் மகளின் தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டால் கலியாணம் முடியும்வரை அந்த வீட்டார் செத்தவீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. உனக்கு இதை ஒருநாள் சொல்லியிருக்கிறேன். நல்ல வழக்கம் என்றுகூடச் சொன்னாய். என் கணவர் என் குளிர்க்கோட்டை எடுத்து ஒளித்தே வைத்துவிட்டார். "பிள்ளையின்ர வாழ்க்கையப்பா. அவ வெள்ளைக்காரரோடை எவ்வளவு காலம் இருந்தவ, தனிய இருக்க மாட்டாவோ?" என்றார். நீ வெள்ளைக்காரி இல்லை என்றுகூட நான் திருத்தவில்லை.

மகளின் கோட்டைப் போட்டுக்கொண்டு மயானத்துக்கு வந்தேன். இங்கே மயானத்திலேயே இறந்தவரைச் சில நாள் வைத்திருக்கும் குளிர் அறைகள் உண்டு; உன் அறையின் சாவியை அலுவலகத்தில் கையில் தந்தார்கள். ஆரே ஆற்றிலிருந்து எழும்பிய பனிப்புகார் மத்தியானத்திலும் கலையாமல் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது. கதவுவரை போனேன். திறக்கவில்லை. வாசலை மிதிக்காவிட்டால் வழக்கமும் கெடாது, வெளியில் நின்று கதைத்தால் வாக்கும் கெடாது என்று எனக்கு நானே சட்டம் வகுத்துக்கொண்டேன். என்ன கெட்டித்தனம்! மூடிய கதவுக்கு மகளின் சேலை நிறத்தைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்போது உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

பேச்சை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு தாழ்ந்த குரலில் கதை. சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் ஆண் குரல். அண்ணா எந்த வீட்டுக்குள் போகுமுன்னும் அப்படித்தான் இருமுறை செருமுவார். அலுவலகத்துக்கு ஓடிப்போய், உள்ளே யாரையும் விட்டீர்களா என்று கேட்டேன். அந்த மனிதர் என் கையைப் பார்த்தார். சாவி அது ஒன்றுதான் என்றார். திரும்பி வந்து கதவின் எதிரே சுவரோடு நின்றேன். மறுநாளும் அப்படியே நின்றேன். இரண்டு நாளும் உள்ளே கதை ஓயவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் உன் மகள் பயணப் பெட்டியோடு நேரே அங்கே வந்தாள். கதவைத் திறக்கச் சொல்லி, வாசலிலேயே நின்று உங்கள் மொழியில் நீளமாகக் கூப்பிட்டாள். உள்ளே போய் வந்தவள் நெற்றியை என் நெற்றியோடு வைத்து, மூக்கோடு மூக்குத் தொட்டாள்.

"அம்மாவோடை இருந்ததுக்கு நன்றி. கதிரை இன்னும் சூடாய் இருக்கு" என்றாள்.

நான் உள்ளே போகவே இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. காலைத் தூக்கி வாசலைத் தாண்டினேன். குளிரூட்டிய அறை, மூச்சு புகையாக வந்தது. கதிரை உன் தலைமாட்டுக்கு வெகு அருகில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. தொட்டேன். சற்று முன்தான் ஒருவர் எழுந்து போன சூடு.

உன் மகளின் கை பட்ட சூடாக இருக்கலாம். ஆயிரம் தடவை அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒருவரின் பின்னால் வருவது அவருடைய இறந்தவர்கள்தான் என்று நீதானே சொன்னாய். உயிரோடு இருக்கிற அண்ணா என் பின்னால் ஓல்டனுக்கு வந்திருக்க முடியாது. அந்தக் கதிரையில் கை வைத்தபடி, இத்தனை வருடமும் அழாததை எல்லாம் அழுதேன். உன் மகள் அது உனக்காக என்று நினைத்தாள்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மகள் இப்போது பீல் நகரில் நன்றாக இருக்கிறாள். வாசல் மிதித்ததை இன்றுவரை கணவருக்குச் சொல்லவில்லை. உனக்குத் தந்த வாக்கைக் காத்தது நானில்லை. அந்த வெட்கத்தை இறக்கிவைக்க எனக்கு இடமில்லை. இல்லத்தில் எவர் இறந்தாலும் பக்கத்தில் இப்போது நானும் உட்கார்ந்து கதைக்கிறேன், ஆனால் அது உனக்குக் கணக்காகாது.

கலியாணம் முடிந்த கிழமை ஊருக்கு அழைத்தேன். "அண்ணைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வம், அக்கா" என்றேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அவர் இல்லையெண்டு ஆர் கண்டது?" என்றாள்.

"அவரோடை இப்ப ஒரு மனுசி இருக்கிறா, அக்கா. அவர் தனிய இல்லை."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, சம்பந்தம் பேச வந்த வீட்டில் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"நல்ல மனுசியோ?"

"ஓம், அக்கா" என்றேன். "நல்லாக் கதைப்பா."